பார்ட் டைம் டாக்டரம்மாவும் தப்பான லெட்ஜரில் ஏறிய கணக்கும்

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ வங்கி மோசடி விவகாரம்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது புற்றுநோய் லேபில் குரோமோசோம் பார்க்கிறவர்களைப் பற்றியது. பி.காம் படிக்கிற ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு இது முழுக்க அக்கவுண்ட்ஸ் பாடம் மாதிரியே தெரிந்தது. நடுவில் கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வேறு. ரெண்டும் சேர்ந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் எழுதித் தொலைச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். பயாலஜி குரூப் மக்கள், நான் எங்காவது ரொம்ப எளிமைப்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். ஏன்னா நம்ம ஊர் கரியர் கைடன்ஸ் புத்தகங்கள் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பார்கள். அதில் ஒரு பங்கு, உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட குழாயில், சைட்டோஜெனடிக்ஸ் லேபுக்குப் போகும். உறைந்து போய் வந்தாலோ, வழியில் நாள்கணக்கில் வெயிலில் கிடந்தாலோ அவ்வளவுதான், செல்கள் செத்துவிடும். உயிருள்ள செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில்தான் குரோமோசோம்கள் சுருண்டு திரண்டு கண்ணுக்குத் தெரியும். அதனால் லேபில் அந்தச் செல்களை 37 டிகிரியில் ஒரு நாளோ இரண்டு நாளோ வளர்க்க வேண்டும். பாதி பிரியும்போது கோல்செமிட் என்ற மருந்தைப் போட்டு அப்படியே நிறுத்த வேண்டும். உப்பு குறைந்த கரைசலில் போட்டால் செல் தண்ணீரைக் குடித்து உப்பும். பிறகு மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கலவையில் பதப்படுத்தி, ஸ்லைடில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அன்றைக்குக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட குரோமோசோம்கள் விரிவது மாறும். (அப்பளம் காயப்போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்.) கடைசியாக டிரிப்சின், ஜீம்சா சாயம். இப்போது ஒவ்வொரு குரோமோசோமிலும் வரிக்குதிரை மாதிரி பட்டைகள் தெரியும். எந்தக் குரோமோசோம் எது என்று அந்தப் பட்டைகளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வந்து அந்தச் செல்களை எடுத்தாக வேண்டும். செல்லுக்கு வார விடுமுறை கிடையாது.

அதற்கப்புறம் பார்ப்பது. வழக்கமாக 20 செல். ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள், ஒவ்வொன்றிலும் பட்டை பட்டையாக. ஏதாவது ஒரு செல்லில் மட்டும் கோளாறு தெரிந்தால் பொதுவாக அது கணக்கில் வராது, ஏனென்றால் வளர்க்கும்போதே தற்செயலாக நடந்திருக்கலாம். ஒரே மாதிரி மாற்றம் குறைந்தது இரண்டு செல்லில் இருக்க வேண்டும். ஒரு குரோமோசோமே காணாமல் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் மூன்று செல்லில். ஆடிட்டிங் பேப்பரில் சாம்பிளிங், மெட்டீரியாலிட்டி என்றெல்லாம் படித்தோமே, அதேதான். கடைசியில் ஒருவர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். அவர்தான் கிளினிக்கல் லேபரட்டரி ஜெனடிசிஸ்ட். நோயாளி அவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பில்லில் அது ஒரு வரி.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்ற தீவிர ரத்தப் புற்றுநோயில், 8-ம் 21-ம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தால் கீமோதெரபிக்கு நன்றாகக் கட்டுப்படும். முதல் சுற்றிலேயே மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பொதுவாகப் போக மாட்டார்கள். அதே நோயில் குரோமோசோம்கள் பல இடங்களில் தாறுமாறாக உடைந்திருந்தால் மோசமான வகை. உடம்பு தாங்கும் என்றால் மாற்று சிகிச்சைக்குத் தயார் செய்யச் சொல்வார்கள். அண்ணனுக்குத் தம்பி மஜ்ஜை கொடுக்கணுமா, வீட்டை அடகு வைக்கணுமா என்ற முடிவு வரைக்கும் அந்த ரிப்போர்ட் போகிறது.

இன்னொரு வகை புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. இதில் 15-ம் 17-ம் துண்டு மாற்றிக்கொண்டிருக்கும். ஆள் ரத்தம் கசிந்தே இறந்துபோகக்கூடிய நோய். ஆனால் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஒரு மருந்தும் ஆர்செனிக்கும் (ஆமா, நம்ம ஊர் பாஷாணம்தான்!) சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலானோர் முழுசாகக் குணமாகிவிடுகிறார்கள். சந்தேகம் வந்த உடனேயே டாக்டர்கள் அந்த வைட்டமின் மருந்தை ஆரம்பித்துவிட்டு, லேபை உறுதி செய்யச் சொல்லிக் காத்திருப்பார்கள். அங்கே மணிக்கணக்குத்தான்.

இந்த 8-21, 15-17 இரண்டையும் கண்டுபிடித்தவர் ஒருவரே. ஜேனட் ரௌலி. சிகாகோ பல்கலைக்கழகம். 1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர், 2013 டிசம்பரில் 88 வயதில் காலமானார். நான் பேச வந்தது இவர் கண்டுபிடிப்புகளைவிட இவருடைய ரெஸ்யூமைப் பற்றி.

15 வயதில் ஸ்காலர்ஷிப்பில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருத்துவப் படிப்புக்குப் போனபோது 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு 3 இடம், அந்த மூன்றும் நிரம்பிவிட்டன என்று ஒன்பது மாதம் காத்திருக்க வைத்தார்கள். 1948-ல் டாக்டர் பட்டம். மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளையும் டாக்டர், டொனால்ட் ரௌலி. அதன்பின் நான்கு பையன்கள். கடைசிப் பையனுக்கு 12 வயது ஆகும்வரை அம்மா பார்த்த வேலை எல்லாமே பார்ட் டைம்தான். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான கிளினிக் ஒன்றில் வாரத்தில் சில நாள்.

1959-ல் பாரிஸில் லெஜூன் குழுவினர் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 21-ம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று காட்டினார்கள். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதே 1956-ல்தான் உறுதியானது என்பதை நினைவில் வையுங்கள். ரௌலியின் கிளினிக்கில் அந்தக் குழந்தைகள் இருந்தார்கள், அதனால் குரோமோசோம் மீது ஆர்வம் வந்தது. கணவர் ஒரு வருஷம் ஆக்ஸ்போர்டுக்குப் போனபோது கூடவே போய் அங்கே ஒரு லேபில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். 1962-ல் திரும்பி வந்து சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் என்ற பேராசிரியரிடம் போய்க் கேட்டார். ஒரு மைக்ரோஸ்கோப் வேண்டும், இருட்டறை வேண்டும், பார்ட் டைம்தான் வர முடியும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குக் கொடுக்கிற அளவுக்காவது சம்பளம் வேண்டும். ஜேக்கப்சன் சரி என்றார். வருஷத்துக்கு 5,000 டாலர்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, நாம படித்த ஹியூமன் ரிசோர்ஸ் அக்கவுண்டிங்கைக் கொண்டு வருகிறேன். லெவ் - ஷ்வார்ட்ஸ் மாடல், 1971. ஒரு ஊழியர் ஓய்வு பெறும்வரை சம்பாதிக்கப் போவதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அதுதான் அவர் மதிப்பு. ரௌலிக்கு அப்போது 37 வயது. 65 வரை 28 வருஷம், வருஷத்துக்கு 5,000, தள்ளுபடி விகிதம் 10 சதவீதம் என்று வைத்துப் போட்டால் சுமார் 46,500 டாலர் வருகிறது. பரீட்சையில் இப்படி எழுதினால் முழு மார்க் கிடைக்கும். அந்த விடையை வைத்துக்கொண்டு அடுத்த பத்திகளைப் படியுங்கள்.

அப்போது இந்தத் துறையில் பிரபலமாக இருந்தது 'பிலடெல்பியா குரோமோசோம்'. 1960-ல் அந்த ஊரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா நோயாளிகளின் செல்களில் ஒரு குட்டிக் குரோமோசோம் வழக்கத்தைவிடச் சின்னதாக இருப்பதைக் கண்டார்கள். நோவெல் செல்களைக் குழாய்த் தண்ணீரில் அலசியதால் அவை உப்பி, குரோமோசோம்கள் நன்றாக விரிந்தன என்பது இதில் ஒரு உபகதை. குட்டையாக இருக்கிறது, சரி, மிச்சம் எங்கே? தொலைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது 21-ஆ 22-ஆ என்றுகூட அன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பட்டைகள் இல்லாத காலம். எல்லாமே ஒரே நிறத்தில் பூசின குச்சிகள்.

1970-ல் ஸ்வீடனில் காஸ்பர்சன் குழுவினர் ஒளிரும் சாயம் போட்டுப் பட்டைகளை வரவழைத்தார்கள். அந்த 1970-71-ல் கணவருக்கு மறுபடி ஆக்ஸ்போர்டு. ரௌலியும் மறுபடி கூடப் போனார், பட்டை பார்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார். 1972. சிகாகோவில் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. லேபில் எடுத்த போட்டோக்களைக் கொண்டுவந்து ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி ஜோடியாகப் பரப்பிப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுறாங்க என்று பையன்கள் கிண்டல் செய்வார்களாம்.

அந்த மேஜையில் முதலில் கிடைத்தது 8-21. ஒன்றில் குறைந்த துண்டு இன்னொன்றில் ஒட்டியிருந்தது. பிறகு பழைய பிலடெல்பியா நோயாளிகளின் படங்களை எடுத்தார். 22-ம் குரோமோசோம் குட்டையாக இருக்கிறது, சரி. ஆனால் 9-ம் குரோமோசோமின் நுனியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே? ஒரு நோயாளியில் பார்த்தால் தற்செயல். அடுத்தவரிலும் அதே. அதற்கடுத்தவரிலும் அதே. 1973 ஜூனில் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது.

இப்போது காமர்ஸ் மாணவர்களுக்கு மட்டும். 46 குரோமோசோம் என்பது 46 லெட்ஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22-ம் லெட்ஜரில் சில பக்கம் குறைகிறது. பன்னிரண்டு வருஷமாக எல்லோரும் அது கிழிந்து போய்விட்டது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கங்கள் 9-ம் லெட்ஜரில் பைண்ட் ஆகியிருக்கின்றன, 9-ன் ஒரு சின்னத் துண்டு 22-க்கு வந்திருக்கிறது. மொத்தத்தில் எதுவும் குறையவில்லை. டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிறது! தவறான கணக்கில் போஸ்டிங் ஆனால் டிரையல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காது என்று பதினொன்றாம் வகுப்பிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எல்லா லெட்ஜரையும் பக்கம் பக்கமாகத் திறந்து பார்ப்பது. 22-ஐ மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கிடைத்திருக்காது. மேஜை முழுக்க 46-ஐயும் பரப்பி வைத்தவருக்குக் கிடைத்தது.

உடனே எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பலர், குரோமோசோம் குழப்பமெல்லாம் புற்றுநோய் வந்ததால் ஏற்படும் விளைவு, காரணம் கிடையாது என்றே நம்பினார்கள். ரௌலி அடுத்தடுத்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே போனார். 1977-ல் 15-17 வந்தது. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட இடமாற்றம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது குப்பையாக இருக்க முடியாது என்பது மெதுமெதுவாக எல்லோருக்கும் உறைத்தது. பின்னாளில் 1998-ல் நோவெல், ஆல்ஃபிரட் நட்ஸன் ஆகியோருடன் லாஸ்கர் விருது, 2009-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம். எண்பது வயதுக்கு மேலும் சைக்கிளில் லேபுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சரி, இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு சீனியர் அக்கா. பெயர் வேண்டாம். கணக்கில் புலி. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் படிப்பு முடித்து ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தார். அதற்குப் பிறகு ஒரு நிறுவனத்தின் இன்டர்வியூவுக்குப் போனார். கம்பெனி பெயரும் வேண்டாம், எல்லா இடமும் ஒண்ணுதான். இருபது நிமிஷ இன்டர்வியூவில் பதினைந்து நிமிஷம் அந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றித்தான் கேள்வி. அப்புறம் கல்யாணம் எப்போ என்று ஒரு கேள்வி. ஒரு பேலன்ஸ் ஷீட்டை எடுத்துக் கொடுத்து இதில் என்ன தப்பு என்று கேட்டிருந்தால் அக்கா ரெண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

இந்த 'கேரியர் கேப்' கணக்கு ஒரு மோசமான அளவுகோல் என்பதுதான் நான் சொல்ல வருவது. ரெஸ்யூமில் இருக்கும் வருஷங்களைக் கூட்டிப் பார்த்து டாலி ஆகிறதா என்று சரிபார்ப்பது டிரையல் பேலன்ஸ் வேலை. எளிது, வேகம், யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற ஆள் எப்படி வேலை பார்ப்பார் என்பதை அது சொல்லவே சொல்லாது. ரௌலியின் ரெஸ்யூமை இன்றைக்கு ஒரு ஸ்கிரீனிங் சாஃப்ட்வேரில் போட்டால் என்ன ஆகும்? சுமார் இருபது வருஷத்துக்கு மேல் முழுநேர வேலை இல்லை. இரண்டு முறை கணவருடன் வெளிநாடு. துறை மாற்றம் வேறு. முதல் சுற்றிலேயே குப்பைத் தொட்டிதான்.

எதிர்வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் ரூம்மேட் (எச்.ஆர். எடுக்கப் போகிறவன், பாவம்) சொன்னான், "டேய், ஒரு ஆளை எடுத்து ஆறு மாசம் டிரெயினிங் கொடுத்து அவங்க நின்னுட்டா யாருக்கு நஷ்டம்? கம்பெனி ரௌலியைத் தேடலை, மார்ச் மாசம் அக்கவுண்ட்ஸ் குளோஸ் பண்ற ஆளைத் தேடுது." இதில் உண்மை இருக்கிறது. லேபிலேயே பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை செல்களை எடுக்க ஆள் வரணும். அங்கே எனக்கு வசதிப்பட்டபோது வருகிறேன் என்றால் ஒரு நோயாளியின் சாம்பிள் வீணாகும். ரௌலிக்கு இருந்த வசதிகளும் எல்லோருக்கும் வராது. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான கணவர், ஆயா வைத்துக்கொள்ளும் சூழ்நிலை, ஆக்ஸ்போர்டு பயணம். நம்ம ஊரில் இருபது வருஷம் பார்ட் டைம் என்றால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது?

ஆனால் அவன் வாதத்தில் ஒரு ஓட்டை. நேரத்துக்கு வர வேண்டிய வேலையும், உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலையும் ஒன்றில்லை. ஸ்லைடு தயாரிப்பதற்கு நேரம் முக்கியம். அதைப் படிப்பதற்குத் தேவை கண்ணும் பொறுமையும், பத்தொன்பது செல் நார்மலாக இருந்தாலும் இருபதாவதை முதல் செல் போலவே பார்க்கிற குணமும். அந்த இரண்டாவது வேலையை வாரம் மூன்று நாள் செய்தாலும் செய்யலாம், சாப்பாட்டு மேஜையிலும் செய்யலாம். ஜேக்கப்சனுக்கு அந்த வித்தியாசம் புரிந்திருந்தது. அவர் ரிஸ்க் எடுத்தது வருஷம் 5,000 டாலரும் ஒரு மைக்ரோஸ்கோப்பும். அவரைப் போல இன்னும் எத்தனை பேராசிரியர்களிடம் இன்னும் எத்தனை டாக்டரம்மாக்கள் போய்க் கேட்டு, முழுநேரம் வர முடியாதென்றால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டார்களோ. அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது. வராத வருமானத்துக்கு என்ட்ரி போட நமக்குச் சொல்லித் தரவில்லை.

மதிப்பு எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதற்கு நம்ம ஊர் தொடர்புள்ள ஒரு விஷயம் சொல்கிறேன். 9-22 இடமாற்றத்தால் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அது அணைக்க முடியாத ஸ்விட்ச் மாதிரி செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று 1980-களில் தெரியவந்தது. அந்த ஸ்விட்ச்சை அடைக்கும் மாத்திரைதான் இமாட்டினிப். பிரையன் ட்ரூக்கர் நடத்திய முதல் கட்டச் சோதனையில், நாளைக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பின. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி. சில வருஷத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும் என்றிருந்த நோய், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறக்குறைய முழு ஆயுளும் வாழக்கூடிய நோயாக மாறியது.

நோவார்ட்டிஸ் இந்த மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு 1998-ல் விண்ணப்பித்தது நம்ம சென்னை அலுவலகத்தில்தான். 2006 ஜனவரியில் நிராகரித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பிஸினஸ் லா பேப்பரில் 3(டி) பிரிவு என்று மனப்பாடம் செய்தோமே, அதே வழக்கு. அப்போதைய செய்திகளின்படி கம்பெனி மாத்திரை மாதம் சுமார் 1,20,000 ரூபாய், இந்தியத் தயாரிப்பு 8,000 முதல் 10,000. (நோவார்ட்டிஸ் இங்கே நிறைய நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது, அதையும் சொல்லணும்.) கோடிக்கணக்கில் பணம் புரளும் அந்தச் சண்டை மொத்தமும் மாத்திரையின் மூலக்கூறு யாருடையது என்பதைப் பற்றியது. மாத்திரை எந்த ஸ்விட்ச்சை அடைக்கணும் என்று தேடுவதற்கான முகவரியை எழுதிக் கொடுத்த 1973-ம் வருஷக் கட்டுரைக்கு எந்த லெட்ஜரிலும் ஒரு ரூபாய் ஏறியிருக்காது. ஏறணும் என்றும் நான் சொல்லவில்லை. அது யாருடைய சொத்தாகவும் இல்லாததால்தான் எல்லோரும் பயன்படுத்த முடிந்தது. ஆனால் ஒரு வேலையின் மதிப்பை அதற்குக் கிடைத்த பணத்தை வைத்து அளக்கிற நம் பழக்கத்துக்கு இது நல்ல அடி. மேலே வந்த 46,500 டாலரை இப்போது மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரௌலி ஓர் ஆராய்ச்சியாளர், தினசரி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களோடு ஒப்பிடலாமா என்று கேட்டால், அவருடைய சக ஊழியர் மிஷெல் லெ போ-வைப் பாருங்கள். சிகாகோவில் நோயாளிகளுக்கான புற்றுநோய் சைட்டோஜெனடிக்ஸ் லேபின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1983-ல் அவர் குழு, 16-ம் குரோமோசோமின் ஒரு துண்டு அதே இடத்தில் தலைகீழாகத் திரும்பியிருந்தால் அது ஒரு தனிவகை லுக்கீமியா என்று காட்டியது. ஒரே லெட்ஜருக்குள் சில பக்கங்கள் தலைகீழாகப் பைண்ட் ஆனது மாதிரி. இன்றைக்கும் அது 8-21 மாதிரியே நல்ல வகை என்றுதான் ரிப்போர்ட்டில் போகிறது. பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையத்துக்கே அவர் தலைவரானார். தினசரி சாம்பிள் பார்க்கிற மேஜையிலிருந்துதான் இதெல்லாம் வந்தது.

மெஷின் வந்துவிட்டதே, இனி இவர்கள் எதற்கு என்றும் கேட்கலாம். உண்மைதான், கத்தரிக்கோல் போயே போச்சு. கம்ப்யூட்டரே குரோமோசோம்களை வெட்டி வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ஒளிரும் புரோப் போட்டு நூற்றுக்கணக்கான செல்களை ஒரே நாளில் பார்க்கும் முறை வந்தாச்சு, டிஎன்ஏ-வையே எழுத்தெழுத்தாகப் படிப்பதும் வந்தாச்சு. ஆனால் புரோப் என்பது நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். 9-22 இருக்கிறதா என்று கேட்டால் இருக்கு, இல்லை என்று சொல்லும். பக்கத்தில் 7-ம் குரோமோசோம் காணாமல் போயிருப்பதைச் சொல்லாது. மொத்தத்தையும் பரப்பிப் பார்க்கும் பழைய பரிசோதனை அதனால்தான் 2022-ல் வந்த சர்வதேச லுக்கீமியா வழிகாட்டுதல்களிலும் இருக்கிறது. டாலி சாஃப்ட்வேர் வந்தபோதும் ஆடிட்டர் வேலை போச்சு என்றார்கள். எங்கள் தெரு ஆடிட்டர் ஆபீஸில் செப்டம்பர் மாசம் போய்ப் பாருங்கள், நிற்க இடம் இருக்காது.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு முறையான வழி இருக்கிறது. பிஎச்.டி. அல்லது எம்.டி. முடித்து, அங்கீகரிக்கப்பட்ட லேபில் இரண்டு வருஷப் பயிற்சி, பிறகு மருத்துவ மரபியல் வாரியத்தின் தேர்வு. முன்பு குரோமோசோம் பார்ப்பதற்கும் டிஎன்ஏ பார்ப்பதற்கும் தனித்தனிச் சான்றிதழ். இப்போது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பள்ளி முடித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். நம்ம ஊரில் எம்.எஸ்சி. ஜெனடிக்ஸ் மாதிரி படிப்பு முடித்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி லேப்களில் சேருகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்க வீட்டில் தங்கச்சியோ தம்பியோ பன்னிரண்டாவது பயாலஜி படித்துவிட்டு, நீட்டில் மார்க் வரலை, எல்லாம் போச்சு என்று மூலையில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஒரு வேலை இருப்பதையாவது சொல்லுங்கள். கூட ஒரு டெஸ்ட்டும் வையுங்கள். பேப்பரில் வருமே, இரண்டு படங்களுக்கு ஆறு வித்தியாசம், அது இருபது எடுத்துக் கொடுங்கள். நடுவில் சிலவற்றில் வித்தியாசமே இல்லாத ஒரே படத்தை இரண்டு தடவை ஒட்டி வையுங்கள். இருபதையும் அலுக்காமல் பார்த்து, இல்லாததை இல்லை என்று தைரியமாகச் சொல்கிற பிள்ளையாக இருந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம்.